சுரங்கத் தொழிலாளியின் மகன் கட்டிய மண் ஆலயம்



வரலாறு என்றவுடன் நம் மனத்தில் அரண்மனையும் கோட்டையும் போர்க்களமும் தோன்றுகின்றன. கல்லில் வெட்டிய எழுத்தும் செம்பில் பொறித்த பட்டயமும் இருந்தால்தான் அது வரலாறு என்று எண்ணிப் பழகிவிட்டோம். உழைத்துப் பிழைத்த மக்களும் இவ்வுலகில் தங்கள் அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கிறார்கள். பல இடங்களில் அந்த அடையாளம் இருந்த இடம் தெரியாமல் அழிந்து போயிற்று. சில இடங்களில் யாரோ ஒருவர் பிடிவாதமாக நின்ற காரணத்தால் அது தங்கியிருக்கிறது. அப்படித் தங்கிய ஓரிடத்தின் கதையைத்தான் இன்றைய உரையில் காணப் போகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கு மூலையில், மெக்சிக்கோ நாட்டின் எல்லையை ஒட்டி அரிசோனா என்னும் மாநிலம் இருக்கிறது. அதன் தென்பகுதியில் சொனோரா பாலைவனம் பரந்து கிடக்கிறது. பாலைவனம் என்றதும் ஒரு புல்கூட இல்லாத மணற்காட்டை எண்ண வேண்டாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலம் அது. நம் நாட்டில் அடைமழைக் காலத்தின் ஒரே மாதத்தில் அவ்வளவு மழை பெய்துவிடும். அந்தச் சிறிது மழையை நம்பியே அங்கே செடிகளும் விலங்குகளும் மனிதர்களும் வாழக் கற்றிருக்கிறார்கள். ‘சவாரோ’ என்னும் கள்ளி 40 அடி உயரம்கூட வளர்கிறது; 150 ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழ்கிறது. அதன் பக்கத்தில் கிளை ஒன்று முளைப்பதற்கே ஐம்பது, எழுபது ஆண்டுகள் ஆகிவிடும்.

இந்நிலம் பல கை மாறியது. முதலில் இங்கு வாழ்ந்தவர்கள் பழங்குடி மக்கள். அவர்களுள் தொஹோனோ ஓதாம் மக்களின் பெயருக்கே ‘பாலைநில மக்கள்’ என்பதுதான் பொருள். பின்னர் ஸ்பானியர் வந்தனர். அவர்களிடமிருந்து விடுதலை பெற்ற மெக்சிக்கோவின் கைக்கு நிலம் போயிற்று. 1848-ஆம் ஆண்டுப் போர் உடன்படிக்கையாலும், 1854-இல் நிறைவேறிய ஒரு நிலக் கொள்முதலாலும் அமெரிக்காவின் கைக்கு வந்து சேர்ந்தது. 1912-இல்தான் அரிசோனா ஒரு மாநிலமாயிற்று. எல்லைக்கோடு நகர்ந்தது, மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். நேற்றுவரை சொந்த மண்ணில் இருந்தவன், இன்று அந்நியன் என்று அழைக்கப்பட்டான்.

இந்த மண்ணுக்கு அடியில் செம்பு இருந்தது. மின்சார விளக்கும் தந்திக் கம்பியும் உலகெங்கும் பரவிய காலத்தில் செம்பின் தேவை பெருகிற்று. 1870-ஆம் ஆண்டுகளில் மொரென்சி என்னும் மலைப்பகுதியில் செம்புச் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். மெக்சிக்கோவிலிருந்தும், கடல் கடந்து இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். அங்கே நிலம் கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, மருத்துவமனையும் கம்பெனியுடையது. வேலை போனால் இருப்பிடமும் போகும். லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

கூலியிலும் வேறுபாடு இருந்தது. ஒரே சுரங்கத்தில் ஒரே வேலையைச் செய்தாலும் மெக்சிக்கர்களுக்கும் தென் ஐரோப்பியர்களுக்கும் கூலி குறைவு. 1903-ஆம் ஆண்டில், நிலத்தடியில் வேலை செய்வோருக்கு எட்டு மணி நேரமே வேலை என்று ஒரு சட்டம் வந்தது. அதுவரை பத்து மணி நேரம் உழைத்தவர்களுக்கு நிர்வாகம் ஒன்பது மணி நேரக் கூலிதான் தருவோம் என்றது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மெக்சிக்கரும் இத்தாலியரும் ஆவர். போராட்டத்தின் நடுவே பெருவெள்ளம் வந்து பலர் மாண்டார்கள். படை வந்து இறங்கியது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டம் தோற்றது. 1915-இல் மீண்டும் ஒரு வேலைநிறுத்தம் எழுந்து ஏறக்குறைய ஐந்து மாதம் நீடித்தது. அப்போதைய மாநில ஆளுநர் ஜார்ஜ் ஹன்ட், வெளியிலிருந்து கருங்காலிகளைக் கொண்டுவர இடம் கொடுக்கவில்லை. அதனால் தொழிலாளர்களுக்கு ஓரளவு கூலி உயர்வு கிடைத்தது.

இந்த இரண்டு போராட்டங்களுக்கும் இடையில், 1909-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், மொரென்சியில் ஓர் இத்தாலியச் சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. எட்டோரே டெகிராசியா என்று பெயரிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் வாயில் நுழையாமல் போகவே ‘டெட்’ என்று மாற்றி அழைத்தார்கள். மொரென்சிப் பாறைகளில் செம்பு இருந்ததால் பச்சையும் நீலமுமான கற்கள் அங்கே கிடைக்கும். தந்தைக்கு அந்தக் கல் கூலி. மகனுக்கு அதே கல் நிறம். அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பது சிறுவனின் விளையாட்டாக இருந்தது.

முதல் உலகப் போர் முடிந்ததும் செம்பின் விலை விழுந்தது. 1920-இல் சுரங்கம் மூடப்பட்டது. விலை உலகச் சந்தையில் விழுந்தால் அடுப்பு தொழிலாளியின் வீட்டில்தான் அணைகிறது. குடும்பம் இத்தாலிக்கே திரும்பிற்று. 1925-இல் சுரங்கம் மீண்டும் திறந்ததும் அவர்களும் திரும்பி வந்தார்கள். அதற்குள் பையன் ஆங்கிலத்தை மறந்திருந்தான். பதினாறு வயதில் மறுபடியும் சிறுபிள்ளைகளோடு சேர்ந்து படிக்க நேர்ந்தது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தபோது அவருக்கு வயது 23. நம்மில் எத்தனையோ பேர் அந்த வயதில் வெட்கப்பட்டுப் படிப்பை விட்டிருப்போம். அவர் விடவில்லை.

தந்தையோடு சுரங்கத்தில் சிறிது காலம் வேலை செய்து பார்த்தார். அந்த வேலை தமக்கு உகந்ததன்று என்று கண்டார். 1932-இல், பையில் 15 டாலரும் கையில் ஒரு ஊதுகுழலுமாக டூசான் நகரத்துக்குப் புறப்பட்டார். அங்கேதான் அரிசோனாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பகலில் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் மரக்கன்று நட்டார், இரவில் இசைக்குழு நடத்தினார், இடையில் படித்தார். மணமான பின் பிஸ்பி என்னும் மற்றொரு செம்புச் சுரங்க ஊரில், மனைவியின் குடும்பத்தாருக்குச் சொந்தமான திரையரங்கை நிர்வகித்தார். ஓய்ந்த நேரமெல்லாம் ஓவியம் தீட்டினார்.

1942-இல் அவர் மெக்சிக்கோ நகரத்துக்குச் சென்றார். தியேகோ ரிவேரா, ஹோசே கிளெமென்ட்டே ஒரோஸ்கோ என்னும் இரு பெரும் ஓவியர்கள் அங்கே இருந்தார்கள். அரசாங்கக் கட்டடங்களின் சுவர்களில் உழவரையும் தொழிலாளரையும் பழங்குடியினரையும் பெரிதாக வரைந்து புகழ்பெற்றவர்கள் அவர்கள். எழுத்தறியாதவனும் தன் நாட்டின் வரலாற்றைச் சுவரைப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். டெகிராசியா அவர்களிடம் உதவியாளராகப் பயிற்சி பெற்றார். அவருடைய ஓவியங்கள் அந்நகரின் நுண்கலை மாளிகையில் காட்சிக்கும் வைக்கப்பட்டன. அத்தனை சிறப்போடு ஊர் திரும்பியவரின் ஓவியங்களை டூசானில் இருந்த ஓவியக்கூடங்கள் ஏற்கவில்லை. அவர் யாரிடமும் கெஞ்சிக் கொண்டிருக்கவில்லை. 1944-இல் ஊரின் ஓரத்தில் சிறிது நிலம் வாங்கி, மண்ணைக் குழைத்துக் கல் அறுத்து, தமக்கென்று ஒரு கூடத்தைத் தாமே கட்டிக்கொண்டார். மறு ஆண்டில் முதுகலைப் பட்டமும் பெற்றார். ஓவியத்துக்கும் இசைக்கும் உள்ள உறவே அவருடைய ஆய்வுப் பொருள்.

நாளடைவில் நகரம் வளர்ந்து அவருடைய வாசலைத் தொட்டது. எனவே 1950-களின் தொடக்கத்தில் சாந்தா கத்தலினா மலையடிவாரத்தில் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார். இன்று மக்கள் சென்று காண்கிற ‘வெயிலில் ஓர் ஓவியக்கூடம்’ அந்த நிலத்தில்தான் இருக்கிறது. நாங்கள் அதைச் சென்று பார்த்தோம். எங்களோடு வந்த நண்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கொத்து வேலை கற்றுப் பல ஊர்களில் வீடு கட்டியவர். கட்டடம் எதைக் கண்டாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம்.

ஒரு காலத்தில் கள்ளியும் முயலும் மட்டும் இருந்த அந்த மலையடிவாரத்தில் இன்று தார்ச்சாலையும் வசதியான வீடுகளும் சூழ்ந்துவிட்டன. வாசலைத் தாண்டியதும் வேறோர் உலகம். கட்டடங்கள் நிலத்திலிருந்து எழுந்து நிற்பவையாகவே தோன்றவில்லை. நிலமே சற்று உயர்ந்து சுவராயிற்றோ என்னும்படி அதே மண் நிறத்தில் தாழ்வாக அமைந்திருக்கின்றன.

நாங்கள் முதலில் சிற்றாலயத்துக்குச் சென்றோம். அவரும் முதலில் கட்டியது அதைத்தான். குடியிருக்கும் முன் கோயில் எழுப்பும் வழக்கம் நமக்கும் உண்டல்லவா? 1952-இல் கட்டிய இந்த ஆலயம் மெக்சிக்க மக்கள் தாயாகப் போற்றும் குவாடலூப் அன்னைக்கு உரியது. நாலாபுறமும் மண்சுவர், நடுவில் கூரை திறந்து வானம் தெரிகிறது. வெயிலும் உள்ளே வரலாம். எப்போதோ பெய்யும் மழையும் உள்ளே வரலாம். சுவர்களில் அவர் தம் கையால் தீட்டிய ஓவியங்கள். பெரிய மணியோ பொன் பூச்சோ இல்லை. வந்தவர்கள் தங்கள் வேண்டுதலை இறக்கி வைத்துச் செல்கிறார்கள். நாங்கள் நின்றிருந்த வேளையில் ஒரு முதியவள் வந்து, எதுவும் பேசாமல் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

நண்பர் வழக்கம்போல் சுவரைத் தட்டினார். “சுடாத கல்லுங்க இது. பச்சைக் கல்லு” என்றார். அவர் சொன்னது சரிதான். மண்ணையும் நீரையும் வைக்கோலையும் சேர்த்து மிதித்து, மரச்சட்டத்தில் வார்த்து, வெயிலிலேயே காயவைத்த கல் அது. அப்பகுதியில் அதை ‘அடோபி’ என்கிறார்கள். அந்த இடத்து மண்ணிலேயே அறுத்த கல். கனமான மண்சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடாமல் தன்னுள் தாங்கிக்கொள்கிறது. இரவில் குளிர் வரும்போது அந்த வெப்பத்தை மெல்ல விடுகிறது. கோடைக்காலத்தில் 40 பாகை வெப்பத்தையும் தாண்டும் அந்த ஊரில் இதைவிட மலிவான குளிர்ச்சி இல்லை. பழங்குடி நண்பர்களின் உதவியோடு அவர் இவற்றைக் கட்டினார். பாலைவனத்தில் எப்படி வாழ்வது என்பதை அவர் கற்றது அவர்களிடம்தான்.

இந்த ஆலயத்தை அவர் ஒருவருடைய நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அவர் பெயர் எவுசேபியோ கீனோ. இன்றைய இத்தாலியின் வடபகுதியில் 1645-இல் பிறந்த பாதிரியார். 1687-இல் இந்தப் பாலைநிலத்துக்கு வந்து, 1711-இல் இறக்கும்வரை குதிரைமீது ஊர் ஊராகச் சுற்றினார். கோதுமையும் கால்நடையும் இப்பகுதியில் பரவ உதவினார். கலிபோர்னியா ஒரு தீவு என்று அந்நாளில் பலர் நம்பினர். அது நிலத்தோடு ஒட்டியது என்று தாமே நடந்து கண்டு வரைபடம் வரைந்தார்.

சுரங்கத் தொழிலாளியின் மகன் இவரை ஏன் இத்தனை போற்றினார்? கீனோவின் காலத்தில் ஸ்பானியர்கள் பழங்குடியினரைப் பிடித்து வெள்ளிச் சுரங்கங்களில் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். கீனோ அதை எதிர்த்தார். புதிதாகச் சமயம் தழுவியவர்களை 20 ஆண்டுகளுக்குக் கட்டாய வேலைக்கு இழுக்கக் கூடாது என்னும் அரச ஆணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் இந்நிலத்தில் கால் வைத்தார். சமயப் பணி மக்களுக்கு நன்மையை மட்டும் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. ஐரோப்பியரோடு வந்த நோய்கள் எண்ணற்ற உயிர்களைக் கொண்டுபோயின. 1695-இலும் 1751-இலும் அம்மக்கள் ஸ்பானியரை எதிர்த்து எழுந்ததும் வரலாறு. எனினும், மனிதனைப் பிடித்துச் சுரங்கத்தில் தள்ளக் கூடாது என்று 300 ஆண்டுகளுக்கு முன் வாதாடிய ஒருவரை, சுரங்கத்து ஊரில் பிறந்தவர் நினைவுகூர்ந்தார் என்பது எண்ணத்தக்கது.

ஆலயத்திலிருந்து ஓவியக்கூடத்துக்கு நடந்தோம். இது 1965-இல் திறக்கப்பட்டது. நுழையும் வழி இருண்டு நீண்டு, சுரங்க வாயிலுக்குள் போவதுபோன்ற உணர்வைத் தருகிறது. உள்ளே தரையைப் பார்த்து நண்பர் குனிந்துவிட்டார். ‘சோய்யா’ என்னும் முட்கள்ளி காய்ந்தபின் அதன் உள்ளே துளை துளையான மரம் மிஞ்சும். அதைத் துண்டு துண்டாக நறுக்கித் தரையில் பதித்திருக்கிறார். காலில் குத்தும் கள்ளியைக் காலுக்குக் கீழே பூவாக விரித்த கைவேலை அது. தம் ஓவியங்கள் உள்ளே இதமாக இருக்க வேண்டும் என்றே இதைக் கட்டினேன் என்று அவர் சொல்வதுண்டாம்.

15,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. எண்ணெய் ஓவியம், நீர்வண்ணம், மண்பாண்டம், வெண்கலச் சிலை என்று அவர் தொடாத துறை குறைவு. தூரிகைக்குப் பதிலாகத் தட்டைக் கத்தியால் வண்ணத்தை அப்பி வரைந்த படங்கள் பல. கீனோவின் வாழ்க்கை, தொஹோனோ ஓதாம் மக்களின் பழங்கதைகள், யாக்கி மக்களின் ஈஸ்டர் சடங்குகள் என்று வரிசை வரிசையாகத் தொங்குகின்றன.

அவற்றுள் உலகம் அறிந்தது ‘குழந்தைகள்’ என்று பொருள்படும் 1957-ஆம் ஆண்டு ஓவியம். பழங்குடிக் குழந்தைகள் கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். 1960-இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெப் அதை வாழ்த்து அட்டையாக அச்சிட்டது. அது பல இலட்சக்கணக்கில் விற்றது. பின்னர் அவருடைய படங்கள் தட்டிலும் பொம்மையிலும் நாட்காட்டியிலும் ஏறின. உலகிலேயே மிக அதிகமாகப் படியெடுக்கப்பட்ட ஓவியர் அவரே என்று சிலர் சொல்லுமளவுக்குப் பரவின.

அந்தப் படங்களை நெடுநேரம் பார்த்த நண்பர் ஒரு கேள்வி கேட்டார். “பிள்ளைங்களுக்கு முகமே இல்லையே? கண்ணும் மூக்கும் வரையாமல் விட்டுவிட்டாரே! அவங்க பட்ட துன்பமெல்லாம் எங்கே?”

இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. கலை விமர்சகர்கள் பலரும் இதையேதான் கேட்டார்கள். இவை இனிப்புப் பண்டம் போன்ற படங்கள், கடையில் விற்பதற்காகத் தீட்டியவை என்றார்கள். யாக்கி மக்களின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். அவர்களின் தாயகம் மெக்சிக்கோவின் சொனோராவில் உள்ள ஆற்றங்கரை. வளமான அந்த நிலத்தைக் கைப்பற்ற விரும்பிய மெக்சிக்க அரசு, 1900-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான யாக்கிகளைப் பிடித்துத் தொலைவில் உள்ள யுக்கத்தான் பகுதிக்கு அனுப்பியது. அங்கே கயிறு திரிக்க உதவும் கற்றாழைத் தோட்டங்களில் அவர்களை அடிமைகளைப் போல வேலை வாங்கினார்கள். வெயிலுக்கும் நோய்க்கும் கசையடிக்கும் பலியானவர் மிகப் பலர். தப்பியவர்கள் எல்லை தாண்டி அரிசோனாவுக்கு ஓடிவந்தார்கள். டூசானில் குடியிருப்பு அமைத்துத் தங்கள் சடங்குகளைக் காப்பாற்றினார்கள். 1978-இல்தான் அமெரிக்க அரசு அவர்களை ஒரு பழங்குடிச் சமுதாயமாக ஏற்றுக்கொண்டது. இத்தனை வேதனையையும் வாழ்த்து அட்டையில் காண முடியாது. நண்பரின் கேள்வி அந்த அளவில் நியாயமானதே.

ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. சுற்றியிருந்தவர்கள் யாக்கிகளையும் ஓதாம் மக்களையும் ஏறெடுத்துப் பாராத காலத்தில், அவர் அவர்களின் வீட்டு வாசலில் உட்கார்ந்து வரைந்தார். அவர்களின் விழாவை விழாவாகவும், கதையைக் கதையாகவும் மதித்தார். முகம் எழுதவில்லை, ஆனால் முகவரி எழுதினார். யாருடைய கதை, எந்த மண் என்பது அந்தப் படங்களில் தெளிவாக இருக்கிறது. முகத்தை எழுதும் உரிமையும் கடமையும் அந்த மக்களின் பிள்ளைகளுக்கே உரியவை. ஒரு சமுதாயத்தின் கதையை வெளியார் எவ்வளவு அன்போடு சொன்னாலும், உள்ளிருப்பவர் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கத்தான் செய்யும்.

புகழ் வந்தது, பணமும் வந்தது. அதோடு ஒரு சிக்கலும் வந்தது. அந்நாட்டுச் சட்டப்படி ஒருவர் இறந்தால் அவர் விட்டுச்செல்லும் சொத்துக்கு வரி உண்டு. ஓவியரிடம் விற்காமல் இருக்கும் படங்களும் சொத்துத்தான். அவற்றின் மதிப்பு சந்தை விலையில் கணக்கிடப்படும். வரியைப் பணமாகக் கட்ட வேண்டும். பணமில்லையென்றால் படங்களை விற்க வேண்டியதுதான். தாம் கட்டிய கூடம் தம் சாவுக்குப் பின் சிதறிப்போகும் என்று டெகிராசியா கண்டார். 1976-ஆம் ஆண்டு, ஏறக்குறைய 100 ஓவியங்களைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு சூப்பர்ஸ்டிஷன் மலைக்குள் சென்று தீயிட்டுக் கொளுத்தினார். அவற்றின் மதிப்பு 15 இலட்சம் டாலர் என்று அந்நாளில் கூறப்பட்டது. நாடெங்கும் அச்செய்தி பரவிற்று.

அது சரியா, தவறா என்று இன்றும் மக்கள் பேசுகிறார்கள். சொத்து வரி என்பது செல்வர்களிடமிருந்து பொதுமக்களுக்காகத் திரட்டுவது. அதை எதிர்ப்பது முறையா என்று கேட்பவர் உண்டு. தம் கையால் பெற்ற பிள்ளைகளைத் தாமே கொல்வதா என்று வருந்தியவரும் உண்டு. நெருப்பு ஓர் எதிர்ப்பைக் காட்டிற்று, எதையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது அவர் செய்த மற்றொரு காரியம். நிலத்தையும் கட்டடங்களையும் படைப்புகளையும் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் விட்டார். தனியொருவருடைய உடைமையாக இருந்தது, எல்லாருக்கும் பொதுவான இடமாயிற்று. 1982-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். அதே நிலத்தில், ஆலயத்தின் அருகே, கற்கள் குவித்த எளிய கல்லறையில் துயில்கிறார். 2006-இல் அவ்விடம் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் போதுமா? 2017-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சிற்றாலயத்தில் தீப்பிடித்தது. சுவரோவியங்கள் பல கருகின. வந்து வேண்டிச் சென்றவர்களெல்லாம் கலங்கினார்கள். பின்னர் வல்லுநர்கள் கரியைத் துடைத்து, சேதமடைந்த பகுதிகளைச் செப்பனிட்டு, ஆலயத்தை மீண்டும் மக்களுக்குத் திறந்தார்கள்.

மண்கட்டடத்தின் இயல்பே அப்படித்தான். கட்டிவிட்டுக் கையைக் கழுவ முடியாது. மழைக்குப் பின் பூச்சு கரையும். மீண்டும் பூச வேண்டும். டூசானுக்குத் தெற்கே சான் சேவியர் என்னும் வெண்ணிறக் கோயில் ஒன்று உண்டு. கீனோ 1692-இல் முதன்முதலாக வந்து தொடங்கிய திருப்பணி அது. இன்றுள்ள கட்டடம் 1797-இல் முடிந்தது. அதைப் பாதுகாக்க எண்ணிச் சிமெண்டு பூசினார்கள். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே அடைத்துச் சுவரை அரித்தது. கடைசியில் சிமெண்டை உரித்துவிட்டு, சுண்ணாம்பில் சப்பாத்திக் கள்ளியின் சாற்றைக் கலந்து பழைய முறையிலேயே பூசினார்கள். இதைக் கேட்ட நண்பரின் முகம் மலர்ந்தது. “சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணி ஊத்துவாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. நான் எழுதி வைக்கலையே” என்றார்.

நேயர்களே, இனி மொரென்சிக்கு வருவோம். டெகிராசியா பிறந்த அந்த ஊர் இப்போது எங்கே? 1937-இல் அங்கே சுரங்கவழியை விட்டு, மலையையே மேலிருந்து வெட்டியெடுக்கும் திறந்தவெளி முறையைத் தொடங்கினார்கள். குழி ஆண்டுதோறும் அகன்றது. ஊருக்கு அடியிலும் செம்பு இருந்தது. எனவே ஊர் போயிற்று. வீடும் தெருவும், அவர் கல் பொறுக்கிய மேடும் அந்தக் குழிக்குள் மறைந்தன. புது மொரென்சி வேறிடத்தில் எழுந்தது. இன்றும் வட அமெரிக்காவின் மிகப் பெரிய செம்புச் சுரங்கங்களுள் ஒன்று அது.

சிந்தித்துப் பாருங்கள். கம்பெனி எழுப்பிய ஊர், கம்பெனிக்கு நிலம் தேவைப்பட்டதும் இல்லாமல் போயிற்று. அந்த ஊரில் பிறந்த ஒரு தொழிலாளியின் மகன் வெறும் மண்ணால் எழுப்பிய சுவர், தீப்பட்டும் நிற்கிறது. மண் வலிமையானது என்பதாலா? இல்லை. அதைக் காக்க ஆட்கள் இருக்கிறார்கள். காப்பதற்கான ஏற்பாட்டை அவர் உயிரோடிருக்கும்போதே செய்து வைத்தார். அதுதான் காரணம்.

தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, நெடுஞ்சாலையும் வீடமைப்பும் வந்த இடங்களை நம்மவர் பலர் கண்டிருக்கிறோம். அங்கே பிறந்தவர் எல்லாரும் பத்து ஏக்கர் வாங்கி ஓவியக்கூடம் கட்ட முடியாது. ஆனால் ஒரு பள்ளிக்கூடப் புத்தகம் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதில், நம் பாட்டி எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு பேர் பதிந்தார், எந்த மலைக்காட்டில் பால் வெட்டினார், தோட்டத்துக் கோயிலை எந்தெந்தக் கைகள் கட்டின என்பதை எழுதி வைக்கலாம். பால் வெட்டிய கத்தியைத் துருப்பிடிக்காமல் துடைத்து வைக்கலாம். பழைய புகைப்படத்தின் பின்புறத்தில் அதிலுள்ளவர்களின் பெயரை இன்றே கேட்டுக் குறிக்கலாம். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். எழுதிய ஏட்டை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் குடும்பமாகக் கூடி முடிவு செய்ய வேண்டும்.